அடுத்த சுற்றுக்கு வருவேன் என்று வாசலில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்

மதிப்பிற்குரிய நிதி மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

ஒரே ஆட்களைப் பல வருடமாகச் சுற்றுச் சுற்றாக வீடு தேடிப் போய்ப் பார்த்து, யாருக்கு என்ன நோய் வருகிறது என்று குறித்துவரும் எங்கள் தொடர் ஆய்வை இந்தச் சுற்றோடு முடித்துக்கொள்ளலாம் என்று நீங்கள் எடுத்த முடிவு எங்கள் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. நான்கைந்து முறை படித்துவிட்டேன். அண்மைக் காலத்தில் சொல்லும்படியாகப் புதிதாக எதுவும் வெளிவரவில்லை, உடனடிப் பயன் தெளிவாக இல்லை, இதே விவரங்களை மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். காரணங்கள் இந்த மூன்றுதான். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: இந்த ஆய்வு ஏன் முக்கியம் என்பது போதுமான அளவு விளக்கப்படவில்லையாம்.

அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. விளக்குவதுதான் என் வேலை. நான் விஞ்ஞானி இல்லை, கட்டுரைகளில் என் பெயர் வராது, கூட்டங்களில் எனக்கு நாற்காலி கிடையாது. 16 வருடங்களாக ஒரு கையில் பிரஷர் மெஷினும் இன்னொரு கையில் ஒப்புதல் படிவமுமாக வீடு வீடாகப் போகிற களப்பணியாளர். இந்த ஆய்வு எதற்கு என்று, கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்பவர்களிடம் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்திருக்கிறது. அவர்களுக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியாமல் போகாது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

வாசலில் அதிகம் வரும் கேள்வி இது: "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நோயாளிங்களைப் போய்ப் பாருங்களேன்." முதல் வருடம் நான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். சமுதாய நலன், அறிவியல் வளர்ச்சி, வருங்காலத் தலைமுறை. கதவு சாத்தப்பட்டது. எனக்குச் சரியான பதிலைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஆய்விலேயே இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். "பரீட்சையில தோத்த பசங்களை மட்டும் கூப்பிட்டு எப்படிப் படிச்சீங்கன்னு கேட்டா, ராத்திரி கண்முழிச்சுப் படிச்சோம்னு பத்துப் பேரும் சொல்வாங்க. அதனாலதான் தோத்தாங்கன்னு எழுதிட முடியுமா? பாஸான பையனும் கண்முழிச்சுத்தானே படிச்சிருப்பான். அவனையும் கேக்கணும்ல?" அன்றிலிருந்து எல்லா வாசலிலும் அதையேதான் சொல்கிறேன். நல்லா இருப்பவர்கள் இல்லாமல் நோயின் காரணம் தெரியாது. அதிலும் அவர்களை நல்லா இருக்கும்போதே பார்த்து, எழுதி வைத்து, அப்புறம் காத்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன், என்னை அதிகம் உறுத்துவது அதுதான். மருத்துவமனைப் பதிவேடு போதும் என்கிறீர்கள். இரண்டாவது சுற்றில் ஒருவரைப் பார்த்தேன். நல்ல திடகாத்திரமான மனிதர், ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்ல, படிவத்தில் அப்படியே குறித்துக்கொண்டேன். நான்காவது சுற்றுக்குப் போவதற்குள் அவருக்கு மாரடைப்பு வந்து, தப்பிப் பிழைத்து, ஆளே பாதியாக இருந்தார். அதே கேள்வியைக் கேட்டேன். "நானா? எப்பவாவது ஒண்ணு. அதுவும் விசேஷத்துல." பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. பயமும் கூச்சமும் சேர்ந்து நினைவைத் திருத்தி எழுதிவிட்டன, அவர் அதை நம்பவும் செய்கிறார். அவருடைய மருத்துவமனைக் கோப்பில் எந்தப் பதில் இருக்கும்? இரண்டாவதுதான். முதல் பதில் இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, என் கையெழுத்தில், நீங்கள் நிறுத்தச் சொல்லும் ஆய்வின் படிவத்தில்.

இது ஒருவர் கதை. இன்னொன்று, மருத்துவமனைக்குப் போகாமலே போய்ச் சேர்ந்தவர்களின் கதை. கதவைத் தட்டியதும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "அந்தம்மா தவறி எட்டு மாசம் ஆச்சே" என்று சொல்லும்போது, துக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எப்போது, எப்படி, அதற்கு முன் நெஞ்சுவலி இருந்ததா, பேச்சு குழறியதா என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவது என் வேலையின் ஒரு பகுதி. எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் அவர் இல்லை. பதிவேட்டை மட்டும் பார்த்தால் அவர் இன்னும் நலமாக இருக்கிறார் என்றே கணக்கு சொல்லும்.

ரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில், அப்போதுதான் மாடியேறி மூச்சு வாங்க வந்தவரின் கையில், சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி எடுக்கும் எண்ணும், நாங்கள் எடுக்கும் எண்ணும் ஒன்றல்ல. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, பாதம் தரையில் பட, முதுகு சாய்ந்திருக்க, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, ஒவ்வொரு சுற்றிலும் அதே கையில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை எடுக்கிறோம். பார்ப்பதற்கு இதைவிடச் சலிப்பான வேலை கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து வருடத்துக்கு முன் எடுத்த எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிட முடிவது இந்தச் சலிப்பால்தான்.

புதிதாக ஒன்றும் வரவில்லை என்ற காரணத்துக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு 5,000 பேர் உள்ள ஆய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முப்பதுகளில் இருக்கும்போது வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவருக்கு இதயநோய் வருகிறது என்றால் வருடத்துக்கு 5 பேர், பத்து வருடம் காத்திருந்தாலும் 50 பேர்தான். அதே ஆட்களுக்கு வயது கூடி, நூற்றில் ஒருவருக்கு வரும் கட்டம் வந்தால் ஒரே வருடத்தில் 50 பேர். பத்து வருடக் காத்திருப்பில் கிடைத்தது அப்போது ஒரே வருடத்தில் கிடைக்கும். எங்கள் ஆட்கள் சேரும்போது பெரும்பாலும் முப்பதுகளில் இருந்தார்கள். இப்போதுதான் ஐம்பதைத் தொடுகிறார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை நமக்கெல்லாம் தெரியும். அங்கே தாழி தானாக உடைந்தது. இங்கே நீங்கள் கையில் கல்லோடு நிற்கிறீர்கள்.

இப்படி நடப்பது முதல் தடவையும் இல்லை. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 1948-இல் 5,209 பேரைச் சேர்த்து இதயநோய் ஆய்வைத் தொடங்கினார்கள். வயதாக ஆக ரத்த அழுத்தம் ஏறுவது இயல்புதான், உடம்புக்கு அது தேவை என்றுகூட மருத்துவர்கள் நம்பிய காலம் அது. ரத்த அழுத்தமும் கொழுப்பும் புகையும் நோய்க்கு முன்னால் வருகிற அபாயக் காரணிகள் என்று இன்று எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் சொல் பரவலானதே 1961-இல் வந்த அவர்களுடைய கட்டுரைக்குப் பிறகுதான். முதலில் போட்ட திட்டம் 20 வருடம். அறுபதுகளின் கடைசியில், நிதி கொடுத்தவர்கள் இது போதும், தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்று நிறுத்தப் பார்த்தார்கள். உங்கள் கடிதத்தின் வாடை அதில் அடிக்கிறதா? ஆய்வாளர்கள் ஊர் ஊராக நன்கொடை திரட்டி, ஒரு பல்கலைக்கழகம் தோள் கொடுத்து, ஆய்வு எப்படியோ பிழைத்தது. பிழைத்ததால் 1971-இல் அடுத்த தலைமுறையைச் சேர்த்தார்கள். 1978-இல், இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும் ஒரு கோளாறு இருப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். அந்தக் கட்டுரைக்கு எத்தனை வருடக் கணக்கு தேவைப்பட்டது தெரியுமா? 24. இருபதாவது வருடத்தோடு கதவைச் சாத்தியிருந்தால் அந்த வரி எழுதப்பட்டிருக்காது. இன்று அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்பதன் பின்னால் அந்த வரியும் இருக்கிறது.

பிரிட்டனில் 1951-இல் மருத்துவர்களையே ஆய்வுக்கு உட்படுத்தி, புகைபிடிக்கிறீர்களா என்று கேட்டு, 34,439 ஆண் மருத்துவர்களைப் பின்தொடர்ந்தார்கள். மூன்றே வருடத்தில் நுரையீரல் புற்றுநோய் பற்றிய முதல் முடிவு வந்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. 50 வருடம் பார்த்த பிறகு 2004-இல் வந்த முடிவுதான் நான் இன்றைக்கும் வாசல்களில் சொல்வது: தொடர்ந்து புகைப்பவர் சராசரியாக 10 வருடம் முன்னதாகப் போகிறார், 60 வயதில் விட்டால்கூட 3 வருடம் திரும்பக் கிடைக்கிறது, 50-இல் விட்டால் 6, 40-இல் விட்டால் 9, முப்பதிலேயே விட்டவருக்கு ஏறக்குறைய முழுதும். "இனிமே விட்டு என்னம்மா ஆகப் போவுது" என்று கேட்கும் பெரியவருக்கு அந்த 3 வருடம் என்ற எண்ணைச் சொல்லும்போது அவர் முகம் மாறுவதை நீங்கள் பார்த்ததில்லை.

சரி, வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்பவர்களுக்கு மதராஸ். 1956-இல் காசநோயாளிகள் 193 பேரைச் சீட்டுப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் நெரிசலான வீட்டிலுமே வைத்து ஒரு வருடம் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவு. ஆனாலும் அவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு தேறினார்கள். அந்த முடிவு 1959-இல் வந்தது. ஆனால் எல்லோருக்கும் இருந்த பெரிய பயம் வேறு, கூட இருக்கும் பிள்ளைகளுக்குத் தொற்றிக்கொள்ளுமே என்பது. அதற்குப் பதில் சொல்ல வீட்டாரை 5 வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. நோயாளியை வீட்டில் வைத்ததால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று தெரிந்தது. ஒரு வருட முடிவோடு மூட்டை கட்டியிருந்தால் அந்தப் பயம் பதில் இல்லாமலே நின்றிருக்கும்.

இரண்டு வருடம் நிறுத்திவிட்டு நிதி வந்ததும் தொடரலாமே என்று உங்களில் ஒருவர் எங்கள் தலைவரிடம் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். காற்றில் கரியமிலவாயு எவ்வளவு இருக்கிறது என்று ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் அளந்து வருகிறார்கள். பணத்தைக் குறைத்ததால் 1964-இல் சில மாதங்கள் அளவீடு நின்றுபோனது. அறுபது வருடம் தாண்டிவிட்டது, இன்று எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த மாதங்களின் காற்றை அந்த மலையில் போய் அளக்க முடியாது. காற்றாவது அங்கேயே இருக்கிறது. மனிதர்கள் வீடு மாறுகிறார்கள், தொலைபேசி எண்ணை மாற்றுகிறார்கள், மகள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு சுற்று தள்ளிப்போனபோதே நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு குடும்பத்தைத் தேடி நான்கு முகவரி அலைந்திருக்கிறேன். இதில் இன்னொரு சங்கதி, முதலில் தொலைகிறவர்கள் யாரென்றால் வேலை போனவர்கள், கடன்பட்டவர்கள், உடம்பு முடியாதவர்கள். சொந்த வீட்டில் சௌக்கியமாக இருப்பவர்கள் எத்தனை வருடம் கழித்துப் போனாலும் அங்கேயே இருப்பார்கள். இரண்டு வருடம் கழித்து எஞ்சியவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எல்லோரும் நன்றாக இருப்பதாகத்தான் விடை வரும். தப்பான விடை.

நீண்ட நாள் நடக்கிறது என்பதாலேயே ஒரு ஆய்வு புனிதமாகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932-இலிருந்து 1972 வரை, 40 வருடம், சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல் வேடிக்கை பார்த்தார்களே, அதுவும் தொடர் ஆய்வுதான். அதை நிறுத்தியதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை, அவ்வளவு தாமதமாக நிறுத்தியதற்குத்தான் வருந்த வேண்டும். எங்கள் பக்கமும் தவறு உண்டு. எங்கள் விளக்கத் தாளை நானே மூன்று முறை படித்தால்தான் புரியும், அப்படி ஒரு தமிழ். அதைவிட மோசம், 16 வருடத்தில் இதுவரை என்ன தெரிந்தது என்று பங்கேற்பாளர்களுக்கு ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறோம். ஆய்வின் முடிவுகளைத் தெரிந்துகொள்ள அதில் பங்கேற்றவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று, மருத்துவ ஆய்வுகளுக்கான உலகளாவிய நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனமே சொல்கிறது. இதை எங்கள் கூட்டத்தில் இரண்டு தடவை சொன்னேன், குறித்துக்கொண்டார்கள், அத்தோடு சரி. விளக்கவில்லை என்ற உங்கள் குற்றச்சாட்டில் உண்மை இருக்கும் இடம் இதுதான். அதற்கு மருந்து விளக்கச் சொல்வது. ஆய்வையே நிறுத்துவது எப்படி மருந்தாகும்?

பணம் இல்லை என்று நீங்கள் நேராகச் சொல்லியிருந்தால் இந்த மடல் வேறு மாதிரி இருந்திருக்கும். எல்லாவற்றுக்கும் பணம் இருக்காது, எது முதலில் என்று பார்க்கத்தான் வேண்டும், அது உங்கள் வேலை. ஆனால் நீங்கள் சொன்னது அதுவல்ல. இதன் பயன் தெரியவில்லை என்கிறீர்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது, உங்களுக்கு நேரடியாக எந்தப் பயனும் இருக்காது, பின்னால் வருகிறவர்களுக்கு உதவலாம் என்று நான் வாயால் வாசித்துக் காட்டுகிறேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் வெறும் வயிற்றோடு காத்திருந்து ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். பேருந்து ஓட்டப் போக வேண்டியவர் விடிகாலையில் எழுந்து எனக்காக உட்கார்ந்திருக்கிறார். உடனடிப் பயனைக் கேட்காதவர்கள் அவர்கள். அவர்கள் சார்பில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் கேட்கிறீர்கள்.

அந்த ரத்தம் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றியோ காகிதப் படிவங்களைப் பற்றியோ ஒரு சொல் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1932-இல், 1921-இல் பிறந்த பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோருக்கும், 87,498 பேருக்கு, ஒரே நாளில் ஒரு சிந்தனைத் திறன் தேர்வு வைத்தார்கள். அந்தப் பேரேடுகள் எங்கோ ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் கிடந்து, தொண்ணூறுகளின் கடைசியில் கண்டெடுக்கப்பட்டன. பதினொரு வயதில் தேர்வு எழுதியவர்களில் பிழைத்திருந்தவர்களைத் தேடிப் பிடித்து, மூப்பில் சிலருடைய மூளை மட்டும் எப்படிக் கூர்மையாக இருக்கிறது என்று பார்க்க முடிந்தது. யாரோ ஒருவர் இடம் அடைக்கிறது என்று அதைத் தூக்கிப் போடாமல் விட்டதால்.

எனவே கேட்கிறேன், தெளிவாகவே கேட்கிறேன்.

நடப்புச் சுற்றையும் அதற்கு அடுத்த ஒரு சுற்றையும் முடிக்க அனுமதி தாருங்கள். முழு நிதி முடியாது என்றால் ரத்தப் பரிசோதனைகளைக் குறைத்துக்கொள்ளலாம், கருவிகளைப் பழையதாகவே வைத்துக்கொள்ளலாம், ஆனால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதைக் கைவிடச் சொல்லாதீர்கள். என்ன ஆனாலும் ரத்த மாதிரிகளும் படிவங்களும் அழிக்கப்படாது, உறைபெட்டியின் மின்சாரத்துக்கும் காவலுக்கும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கொடுங்கள். இது நிதி முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனைப் பதிவேடு போதும் என்று எந்தக் கணக்கை வைத்துச் சொன்னீர்கள் என்பதைப் பொதுவில் வெளியிடுங்கள். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் அந்தப் பதிவேடுகளில் இருக்கிறார்கள் என்று யாராவது ஒப்பிட்டுப் பார்த்தார்களா? மறுபரிசீலனைக் கூட்டத்தில் களப்பணியாளர் ஒருவருக்கும் பங்கேற்பாளர் இருவருக்கும் இடம் தாருங்கள். அந்த ஆசிரியர் வரச் சம்மதித்திருக்கிறார். எங்கள் ஆய்வுக்குழுவுக்கும் ஒரு நிபந்தனை போடுங்கள், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் படித்தால் புரியும்படியாக ஒரு பக்க முடிவு ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும் என்று. எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதுகிறேன்.

இவை எதுவுமே முடியாது என்று நீங்கள் முடிவு செய்தால், கடைசியாக ஒன்று. நிறுத்துகிறோம் என்பதையும் ஏன் என்பதையும் பங்கேற்பாளர்களுக்குச் சொல்லும் கடிதத்தில் உங்கள் குழுவே கையெழுத்துப் போட வேண்டும். நேரில் சொல்ல வேண்டிய வீடுகளுக்கு உங்களில் ஒருவர் என்னோடு வர வேண்டும். இந்தச் சுற்றில் இன்னும் பார்க்காத 212 வீடுகளின் பட்டியல் என் பையில் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் வாரத்துக்குள் பதில் வந்தால்தான் எந்த வாசலில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
16 வருடங்களாக இந்த ஆய்வின் களப்பணியாளர்